ஒரே இழுப்பில் இரண்டு

முதலில் பைக் அணைந்த சத்தம். அப்புறம் கேட்டின் கொக்கி. ஜன்னலைத் திறந்து பார்க்காமலே போலீஸ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஏட்டையா. மற்றவர்கள் கொக்கியைத் தூக்கிவிட்டு உள்ளே வருவார்கள். உங்கள் ஆட்கள் உலுக்குவார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரைக்கும் வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவன் பகல் பதினோரு மணிக்குத் தூங்கத்தான் செய்வான், அவனை உலுக்கித்தான் எழுப்ப வேண்டும். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்கள்.

காப்பி தருகிறேன் என்று சொல்ல முடியாது. வீட்டில் ஆள் இல்லை. என் சம்சாரம் வள்ளிமயில் கடையத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அண்ணன் மகளுக்குச் சடங்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று வாரம் ஆகிறது. சடங்கு மூன்று வாரமா நடக்கும் என்று கேட்பீர்கள். நானும் போனில் கேட்டேன். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். இருக்கட்டும். எனக்குச் சமைக்கத் தெரியாதா என்ன.

என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். என் துப்பாக்கி லைசென்ஸ் மேல் ஒரு மனு. கலெக்டர் ஆபீஸிலிருந்து ஸ்டேஷனுக்கு வந்து, ஸ்டேஷனிலிருந்து உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இவன் கையில் துப்பாக்கி இருக்கலாமா கூடாதா என்று விசாரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் கூடாது என்று எழுதினால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் துப்பாக்கி போகும். சொந்தத் துப்பாக்கி இல்லாத காவலாளியை எந்த ஏஜென்சி வைத்துக்கொள்ளும்? நாற்பத்தெட்டு வயதில் ஏதாவது அடுக்குமாடி வாசலில் குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், கார் வந்தால் எழுந்து சலாம் போட வேண்டும். அதைப் பார்க்கத்தான் மனு எழுதியிருக்கிறார்கள். யார் எழுதினது என்பதும் தெரியும். டைல்ஸ் கடை ஜெயசீலன். அவன் இல்லையென்றால் பல் டாக்டர் கோமதிநாயகம். பெயரைச் சொல்லக் கூடாது என்று உங்களுக்கு விதி இருக்கும், சொல்ல வேண்டாம். நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். மறைக்க என்னிடம் ஒன்றும் கிடையாது. அவர்களுக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம்.

துப்பாக்கி என் மாமனாருடையது. கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருக்கு வாழைத் தோட்டம் இருந்தது. பன்றி விரட்ட வாங்கினார். பன்னிரண்டு போர் ரகம், இரட்டைக் குழல். விசையும் இரண்டு. முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. அவர் போன பிறகு வாரிசு இரண்டு பேர். மச்சினன் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். வள்ளிமயில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்தில்தான் அது என் பெயருக்கு மாறியது. அதனால் இந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஒருத்தருக்கு உரிமை இருக்கிறது என்றால் அது அவளுக்கு மட்டும்தான். ஜெயசீலனுக்கு என்ன?

வங்கிக் காவலுக்கு வருகிறவர்கள் எல்லாம் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். நான் அப்படி இல்லை. மார்பு அரை அங்குலம் குறைகிறது என்று பட்டாளத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாம் நானே கற்றுக்கொண்டது. ராத்திரி முழுக்க முழித்திருக்கிறவனுக்கு நேரத்துக்கு என்ன குறை. துப்பாக்கி பற்றிப் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். போனில் வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் ஒருத்தன் மூன்று துப்பாக்கியை மாற்றி மாற்றி எடுத்து ஓடி ஓடிச் சுடுகிறான், ஏட்டையா. கூட வேலை பார்க்கிற பட்டாளத்தானுக்கு எண்ணெய் போடத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் முழிப்பான்.

வங்கிக்கு மேல் மாடியில்தான் டாக்டர் கோமதிநாயகத்தின் கிளினிக். அவர்தான் இந்த ஊர் ரைபிள் கிளப்புக்குத் தலைவர். ஒரு நாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தவர் என் துப்பாக்கியைப் பார்த்து நின்றுவிட்டார். "நல்ல பீஸ் வே இது. ஞாயித்துக்கிழம குவாரிப் பக்கம் வாரும்" என்றார். வாரும் என்றார், கவனியுங்கள்.

குவாரி என்றால் பழைய கல்குவாரி. கல் எடுத்து முடித்த பள்ளம். மூன்று பக்கமும் பாறை, குண்டு வெளியே போகாது. கிளப்பில் இருக்கிறவர்கள் எல்லாம் மில் வைத்திருக்கிறவர்கள், கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவர்கள். சம்பளக்காரன் நான் ஒருத்தன்தான். ஆனால் வித்தியாசம் பார்க்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். சுடுவதற்கு இரும்புத் தட்டுகளை நட்டு வைப்பது, விழுந்ததை நிமிர்த்துவது, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது, எல்லாம் என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். தட்டும் பெயிண்டும் வைக்கிற ஷெட் சாவி என்னிடம்தான் இருந்தது. ஜெயசீலனிடம் கொடுத்தார்களா? நம்புகிற ஆளிடம்தானே கொடுப்பார்கள். இரண்டு வருஷம் பெயிண்ட் அடித்தேன். இந்த வருஷம்தான் போட்டியில் ஓர் ஆள் குறைகிறது என்று என் பெயரைச் சேர்த்தார்கள்.

போட்டி என்னவென்றால், மூன்று துப்பாக்கி. முதலில் படுத்துக்கொண்டு ரைபிளில் ஐந்து தட்டு. எழுந்து ஓடி மேசையில் இருக்கிற பிஸ்டலை எடுத்து ஐந்து தட்டு. மறுபடி ஓடி ரவைத் துப்பாக்கியில் ஆறு தட்டு. யார் குறைந்த நேரத்தில் எல்லாவற்றையும் விழவைக்கிறாரோ அவருக்குக் கோப்பை. ரைபிளும் பிஸ்டலும் கிளப்பினுடையது, எல்லோருக்கும் ஒன்றுதான். ரவைத் துப்பாக்கி மட்டும் அவரவர் சொந்தம். ஆகவே போட்டியே அங்கேதான்.

ஜெயசீலன் வைத்திருப்பது வெளிநாட்டுச் சாமான். ஆறு தோட்டா ஒரேயடியாக உள்ளே போகும். இழுக்க இழுக்க வெடித்துக்கொண்டே இருக்கும், காலி உறை தானாக வெளியே பறக்கும். என்னுடையதில் இரண்டுதான். ஆறு தட்டு விழ நடுவில் இரண்டு தடவை மடக்கித் திறந்து, காலியைக் கையால் எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். இந்த நகத்தைப் பாருங்கள். காலித் தோட்டாவின் விளிம்பைக் கிள்ளி இழுப்பதற்கென்றே வலது கைப் பெருவிரலில் வளர்த்தேன். வங்கி மேனேஜர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன இசக்கிராஜ், வீணை கத்துக்கிறீங்களா" என்று கேட்டார். அவரிடம் என்ன சொல்வது.

தோட்டாவிலும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. வங்கிக் காவலுக்குப் பெரிய குண்டு. அது தட்டுக்கு ஆகாது, இரும்பில் பட்டு நம் மேலேயே திரும்பும். தட்டுக்கு எட்டாம் நம்பர், கேழ்வரகு மாதிரிப் பொடி ரவை. அதிலும் காகித உறை போட்டது மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு குழலுக்குள் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறைதான் வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து வள்ளிமயிலின் முகப்பவுடரைத் தடவி வைப்பேன். ஒரு டப்பா தீர்ந்துபோச்சு. "எனக்குப் பூசறதுக்கு இல்லாம துப்பாக்கிக்குப் பூசுதீங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இருங்கள், எடுத்துக் காட்டுகிறேன். பார்த்தால்தான் உங்களுக்குப் புரியும்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? காலிதான். வீட்டில் எப்போதும் காலியாகத்தான் வைப்பேன். சரி, அப்படித் திருப்பிப் பிடிக்கிறேன், உட்காருங்கள். இதோ மடக்கியும் காட்டிவிட்டேன், இரண்டு கண்ணும் காலி. போலீஸில் இருந்துகொண்டு இவ்வளவு பயப்படுகிறீர்களே. இந்தக் கட்டையைப் பாருங்கள். மாமனார் ஆறடி ஆள், அவருக்கு அளவாக இருந்தது. எனக்கு நீளம், தோளில் சட்டென்று ஏறாது. ஓர் அங்குலம் அறுத்துவிட்டு, பின்பக்கம் ஹவாய்ச் செருப்பு ரப்பரை ஒட்டினேன். வெளிநாட்டில் இதற்கென்றே விற்கிறான், எனக்குச் செருப்பே போதும். குழல் நுனியில் குறி பார்க்கிற மணிக்கு வெள்ளைப் பெயிண்ட், தட்டுக்கு அடித்ததில் மிச்சம்.

விசை மட்டும் சரிப்படவில்லை. கல் மாதிரி இருந்தது. இழுக்கிற இழுப்பில் குழலே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். லைசென்ஸ் உள்ள கடையில் கேட்டேன், விட்டுவிட்டுப் போங்கள், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். ஆறு வாரம் துப்பாக்கி இல்லாமல் எந்த வாசலில் போய் நிற்பேன்? எனக்கு யார் சோறு போடுவார்கள்? நானே பிரித்தேன். உள்ளே எது எதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று நிதானமாகப் பார்த்து, மெல்லிய அரத்தால் கொஞ்சம் ராவினேன். கொஞ்சம்தான். அதையெல்லாம் எழுத வேண்டுமா? சரி, எழுதுங்கள். நான்தான் ஒரு வரி விடாமல் என்றேன்.

அதற்கப்புறம் விசை வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் முன் விசையை இழுத்தால் அந்த அதிர்ச்சியில் பின் விசையும் சேர்ந்து விழுந்துவிடும். ஒரே இழுப்பில் இரண்டு குழலும் வெடிக்கும். முதல் தடவை தோள் கன்றிப் போயிற்று. வேறு ஒருத்தனாக இருந்தால் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று உட்கார்ந்திருப்பான். நான் யோசித்தேன். ஆறு தட்டும் இரண்டிரண்டாகத்தானே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது? நட்டு வைக்கிறவனே நான்தானே? இரண்டுக்கும் நடுவில் குறி வைத்து ஒரு இழுப்பு, இரண்டும் போகும். ஜெயசீலனுக்கு ஆறு இழுப்பு, எனக்கு மூன்று. இப்போது சொல்லுங்கள், யாருடைய துப்பாக்கி நல்ல துப்பாக்கி?

பழக வேண்டுமே. லீவு போட்டுவிட்டுக் கடையத்துக்குப் போய் மச்சினன் தோட்டத்திலேயே பழகினேன். தகரத்தை வெட்டி நட்டு, நாலு நாள். அங்கே சுடலாமா கூடாதா என்று நீங்கள் சட்டம் பேசாதீர்கள், சுற்றி வாழைதான், மனிதன் யாரும் கிடையாது. வள்ளிமயில் மட்டும் மோட்டார் ரூம் பக்கம் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ஒரு நாள் அவளாகவே சொன்னாள். "ஏங்க, இது அப்பா துப்பாக்கி மாதிரி இல்லீங்க. சில நேரம் ரெண்டு போகுது, சில நேரம் ஒண்ணுதான் போகுது." நான் சொன்னேன், உளுந்தைப் பார், உனக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று. சுட்டவன் நான். என் தோளுக்குத் தெரியாததா அவள் காதுக்குத் தெரியும்?

தண்ணீர் வந்துவிட்டது. கேட்கிறதா, குழாய் காற்று ஊதுகிறது. எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் இந்தத் தெருவுக்கு விடுகிறார்கள், அதுவும் ஒரு மணி நேரம். நீங்கள் உட்கார்ந்திருங்கள், வாசலில்தான் குழாய், டிரம்மில் ஹோஸைப் போட்டுவிட்டு அங்கிருந்தே பேசுகிறேன். கேட்கிறது, இல்லையா? அது போதும். துப்பாக்கியைத் தொடாதீர்கள், நான் வந்து எடுத்து வைக்கிறேன்.

போட்டி அன்றைக்கு வள்ளிமயிலையும் அழைத்துக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றாள். இரண்டு வருஷம் பெயிண்ட் அடித்த இடத்தில் உன் புருஷன் கோப்பை வாங்கப் போகிறான், வந்து பார் என்றேன். கயிறு கட்டி, அதற்குப் பின்னால் பார்க்கிறவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. டாக்டர் சம்சாரத்துக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

ரேஞ்சில் சட்டம் என்றால் அது வேதமுத்து. ரிட்டயர்டு சுபேதார். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஒரே பாட்டு. "முனை பாறையப் பாக்கணும். உங்க அப்பன் செத்துட்டான்னு சேதி வந்தாலும் முனை பாறையத்தான் பாக்கணும்." எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன்.

ஜெயசீலன் ஐம்பத்தொன்பது செகண்டில் முடித்தான். கைதட்டினார்கள். அப்புறம் நான். ரைபிளில் ஐந்துக்கு ஐந்து. பிஸ்டலில் ஒன்று தவறி ஆறாவது குண்டில் விழுந்தது. ஓடிப்போய் என் துப்பாக்கியை எடுத்தேன். முதல் இழுப்பு, இரண்டு தட்டு. மடக்கினேன், கிள்ளினேன், போட்டேன். இரண்டாவது இழுப்பு, இரண்டு தட்டு. பின்னால் பேச்சு நின்றுவிட்டது. அது எனக்குக் கேட்டது, ஏட்டையா. இத்தனை வருஷத்தில் நான் நின்ற இடத்தில் அப்படி ஓர் அமைதி வந்தது கிடையாது. நாற்பத்தேழு செகண்டு ஆகியிருந்தது என்று அப்புறம் சொன்னார்கள். மூன்றாவது தடவை போட்டேன், இழுத்தேன். ஒரு தட்டு விழுந்தது. மற்றது நிற்கிறது.

சரி, தவறிவிட்டது, இன்னும் நேரம் இருக்கிறது, இன்னொரு தோட்டா போட்டு அடித்துவிடலாம் என்று இடுப்பு வாருக்குக் கை போகிறது. அந்த நேரம் பார்த்து இவள் கூப்பிட்டாள். "ஏங்க" என்று.

திரும்பினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ராத்திரியில் வங்கி வாசலில் நிற்கிறவனுக்குப் பின்னால் சத்தம் கேட்டால் என்ன செய்வான்? ஏடிஎம்முக்கு வருகிறவன் செருமினாலும் திரும்புவேன், நாய் ஓடினாலும் திரும்புவேன். தலையை மட்டும் திருப்பினால் அது காவலா? துப்பாக்கியும் சேர்ந்துதான் திரும்பும். பதினாறு வருஷமாக அப்படித்தான் திரும்புகிறேன், அதற்குத்தான் சம்பளம். அன்றைக்குக் கூப்பிட்டது என் சம்சாரம். பத்தடி தூரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. டாக்டர் சம்சாரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள், கூலிங் கிளாஸ் ஒரு பக்கம், கைப்பை ஒரு பக்கம். இவள் அசையவில்லை. குழலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பயம் இருந்திருந்தால் குனிந்திருப்பாள் இல்லையா?

வேதமுத்து பக்கவாட்டில் வந்து குழலை ஒரு கையால் மேலே தள்ளினார். தள்ளிவிட்டுக் கேட்டார். "யாரு கூப்பிட்டாலும் திரும்புவீரா வே?"

"எம் பொண்டாட்டி கூப்பிட்டா."

"அவங்களத்தானவே சுட்டிருப்பீரு."

"காலித் துப்பாக்கி சார். ரெண்டும் போயாச்சு."

"ஒரு தடவதான இழுத்தீரு?"

"எம் துப்பாக்கில ஒரு தடவ இழுத்தா ரெண்டும் போகும்."

அவர் குழலை விடாமலே, "தொறயும்" என்றார்.

திறந்தேன். வலது குழலில் காலி. இடது குழலில் ஒரு தோட்டா இருந்தது. முழுசாக. அதை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். விசை விழுந்தால் உள்ளே ஊசி அடிக்கிற தடம் இல்லையாம். அடிக்கவே இல்லையாம். உயிரோடு இருக்கிறதாம். நான் சொன்னேன், அடித்திருக்கிறது, தோட்டா செத்த தோட்டா, கிளப்பில் கொடுத்ததே பழைய சரக்கு என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெயசீலன் சொன்னான், "அண்ணாச்சி, பேங்குலயும் இப்படித்தான் காவல் காக்கீங்களா? அப்ப நான் லாக்கர மாத்திக்கிடுதேன்." எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. டாக்டர், "இசக்கி, அந்த ஷெட் சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ" என்றார். வாரும் என்றவர், போ என்றார். இரண்டு வருஷம்.

அந்தத் தோட்டாவை நான் விட்டுவிட்டு வரவில்லை. சாட்சி அல்லவா. அலமாரியில் வைத்திருக்கிறேன், இதோ. கை ஈரம், துடைத்துக்கொள்கிறேன். பிடியுங்கள். பின்பக்கம், நடுவில் இந்தச் செப்பு வட்டம் இருக்கிறதே, அங்கே லேசாக ஒரு பள்ளம் தெரிகிறதா? வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பாருங்கள். தெரியவில்லையா? விரலால் தடவிப் பாருங்கள்.

இல்லையா.

உங்களுக்குக் கண்ணாடி போட வேண்டும், ஏட்டையா.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பைக்கில் நான்தான் பேசினேன். நீ ஒரு வார்த்தை கூப்பிடாமல் இருந்திருந்தால் கோப்பை இந்நேரம் நம் கையில் என்றேன். சாப்பிடும்போதும் அதைத்தான் சொன்னேன், மறுநாளும் சொன்னேன். எதற்குக் கூப்பிட்டாய், வெயில் அடிக்கிறது என்றா, தாகம் எடுக்கிறது என்றா? சொல்ல வாய் திறந்தாள், நான்தான் வாயை மூடு என்றேன். மூன்றாம் நாள் சடங்கு என்று பையை எடுத்தாள்.

ஆமாம், அன்றிலிருந்து இதே துப்பாக்கியோடுதான் வேலைக்குப் போகிறேன். வேறு துப்பாக்கிக்கு எங்கே போவேன்? இரண்டு குழலிலும் தோட்டா போட்டுத்தான் நிற்கிறேன். வெறும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கவா எனக்கு வேலை? ஏடிஎம்முக்கு வருகிறவர்கள் யாரும் குறை சொன்னது கிடையாது. எனக்குப் பின்னால் வந்து பேச மாட்டார்கள், முன்னால் வந்துதான் பேசுவார்கள். நான் திரும்புகிற திருப்பம் அப்படி.

எழுதிவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படிக்க வேண்டியதில்லை, சொன்னது நான்தானே. இப்போது நீங்களே சொல்லுங்கள், இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? மனு எழுதினவனை ஒரு நாள் என் முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள், போதும்.

என்ன அது? மனுவா? காட்டலாமா நீங்கள்?

நீங்களே படியுங்கள். என் கண்ணாடி உள்ளே இருக்கிறது.

நிறுத்தாதீர்கள். படியுங்கள்.

'இந்தத் துப்பாக்கி என் தகப்பனாருடையது. நான் கையெழுத்துப் போட்டதால்தான் என் கணவருக்கு வந்தது. அதனால் யாருக்கு என்ன ஆனாலும் அது என்னைத்தான் சேரும்.' சரி. 'என் கணவர் கெட்டவர் இல்லை. துப்பாக்கிதான் கெட்டுவிட்டது. பத்துத் தடவை இழுத்தால் இரண்டு மூன்று தடவை ஒரு குழல்தான் வெடிக்கிறது. அவருக்கு அது தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவள் ஆனதால் எனக்குத் தெரியும்.' மேலே படியுங்கள். 'போட்டியிலும் கடைசிச் சத்தம் ஒன்றுதான். உள்ளே இன்னொன்று இருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.'

இன்னொரு தடவை. அந்த வரி மட்டும்.

தாளைக் கொடுங்கள், ஏட்டையா. கிழிக்க மாட்டேன், கொடுங்கள்.

அவள் பேனாவை அழுத்தி எழுதுவாள். பின்பக்கம் தடவினால் விரலில் தட்டும்.

தட்டுகிறது.

கடைசியில் என்ன எழுதியிருக்கிறாள், அதையும் நீங்களே படியுங்கள். 'துப்பாக்கி தேவைப்படாத வேலை எதுவாக இருந்தாலும் அவர் செய்வார், நானும் வேலைக்குப் போவேன்.' இதை எதற்குக் கலெக்டருக்கு எழுதினாள்? கலெக்டருக்கு இதில் என்ன இருக்கிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம். சரி, சொல்லத்தான் வந்தாள்.

ஜெயசீலன்தான் அவளை எழுத வைத்திருப்பான் என்று சொல்லலாம். சொன்னால் எழுதிக்கொள்வீர்களா? வேண்டாம். அவனுக்குக் கடையம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தீர்கள். சொல்லியிருந்தால் முதலிலேயே பையில் போட்டுக் கொடுத்திருப்பேன். இதுதான் உறை, ஜிப் கொஞ்சம் மக்கர் செய்யும். இல்லை, நான் போடுகிறேன். மடக்கியபடியே இருக்கட்டும். முனையைச் சுவர்ப் பக்கம் பிடித்துக்கொள்கிறேன், பாருங்கள். தோட்டா மொத்தம் பதினான்கு, அந்த ஒன்றோடு சேர்த்து. லைசென்ஸ் புத்தகம் உள்பையில் இருக்கிறது. ரசீது எழுதிக் கொடுங்கள். ஏஜென்சிக்கு நான் என்ன சொல்வது என்று கேட்கவில்லை, அது என் பாடு. ராத்திரி பத்து மணிக்கு அந்த வாசலில் யார் நிற்பார்கள் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பைக்கில் முன்னால் வைக்காதீர்கள், முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். கேட்டின் கொக்கியை நானே போட்டுக்கொள்கிறேன்.

டிரம் வழிகிறது. இன்னும் குடங்கள் இருக்கின்றன, தண்ணீர் நிற்பதற்குள் பிடிக்க வேண்டும். குழாய் வாயில் துணி கட்டாமல் பிடித்தால் மண் வரும் என்பாள். இங்கேதான் ஒரு துண்டுத் துணி வைத்திருப்பாள், இந்தக் கொடியில். இதோ. நீங்கள் போங்கள், ஏட்டையா. நான் கட்டிவிட்டுப் பிடிக்கிறேன்.